தொலைந்த உலகப் படங்கள்: கண்டுபிடித்தவர் பேர் தெரியும், வழி காட்டினவர் பேர் எங்கே?

மவுசாகலைப் பேரன்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கரண்ட் பிந்தித்தான் வந்தது. அதற்கு முந்தி தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, டவுனிலிருந்து டிவி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா வாசலில் மேசை போட்டு, விடிய விடியப் படம். முதல் இரண்டும் தமிழ். மூன்றாவதாக ஒரு இங்கிலிஸ் படம் ஓடும்போது பெரியவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவார்கள். பொடியன்கள் மட்டும் விழித்திருப்போம்.

அப்படி ஒரு ராத்திரியில்தான் 'டெம்பிள் ஆஃப் டூம்' பார்த்தேன். ஒரு வார்த்தை விளங்கவில்லை. ஆனால் இண்டியானா ஜோன்ஸ் காட்டுக்குள் நடக்க நடக்க, பக்கத்தில் இருந்த மாமா எழும்பி உட்கார்ந்து, "டேய், இது நம்ம பக்கத்து மலைடா" என்றார். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். தொலைந்த நகரம், மறைந்த பள்ளத்தாக்கு, யாருக்கும் தெரியாத ஜனங்கள் என்று எந்தப் படம் வந்தாலும் தேடிப் பார்ப்பேன். புதரை விலக்கியதும் கோபுரம் தெரிகிற அந்த ஒரு நொடிக்காகவே முழுப் படத்தையும் பார்த்துவிடுவேன். இங்கே மூடுபனி விலகும்போது எதிர் மலை தெரிவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த நொடி நன்றாகத் தெரியும்.

இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. அதே படங்களைத் திரும்பப் பார்க்கிறபோது வேறொன்று உறுத்துகிறது. துரைக்குப் பின்னால் பெட்டி சுமந்து வரிசையாகப் போகிற ஆட்கள். ஒருத்தர் பள்ளத்தில் விழுவார், ஒருத்தரை முதலை இழுக்கும், ஒருத்தர் பயந்து ஓடுவார். யாருக்கும் பேர் கிடையாது. நம்ம தோட்டத்தில் பேர் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் கூலிக்கே பேர் என்றுதான் பேர். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர். அம்மா இருட்டுவதற்குள் வந்து, "இன்னைக்கு அரைப்பேர்தான் போட்டான்" என்று கூடையை இறக்கி வைத்ததை எத்தனை நாள் பார்த்திருப்போம். அந்தச் சுமைகாரர்களுக்குப் படத்தில் அரைப்பேர்கூட இல்லை.

உங்களுக்குப் பிடித்த தொலைந்த உலகப் படம் எது, ஏன் என்று எழுதுங்கள். தலைப்பில் நான் கேட்ட கேள்விக்கும் பதில் இருந்தால் சொல்லுங்கள்.

ஹந்தானை அண்ணன்

தம்பி, உங்கள் மாமா சொன்னது சரி. 1983 ஏப்ரலில் கண்டியில் அந்தப் படப்பிடிப்பு தொடங்கியது. கதை 1935இல் வட இந்தியாவில் நடக்கிறது, ஆனால் இந்தியாவில் அனுமதி சரிவராததால் இங்கே வந்தார்கள். மாயாபூர் என்று வருகிற அந்தப் பாழடைந்த கிராமம் எங்கள் ஹந்தானை தேயிலைப் பக்கம் போட்ட செட். நான் அப்போது ஏழாம் வகுப்பு. லொறி லொறியாகச் சாமான் ஏறியதும், போக வேண்டாம் என்று வீட்டில் சொன்னதும், போய்ப் பார்த்து அடி வாங்கியதும் நினைவிருக்கிறது.

கடைசியில் அறுந்து விழுகிற அந்தக் கயிற்றுப் பாலம் எடுத்தது இங்கே இல்லை, விக்டோரியாவில். மகாவலியில் அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்த நேரம் அது. அணை கட்ட வந்திருந்த பிரித்தானிய எஞ்சினியர்மார்தான் பாலத்துக்கும் இரும்பு வடம் இழுத்துக் கொடுத்தார்கள். ஒரு தடவைதான் அறுக்கலாம், திரும்ப எடுக்க ஏலாது. அதனால் பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு வெடி வைத்தார்கள். கீழே விழுகிற ஆட்கள் கையைக் காலை ஆட்டும் பொம்மைகள்.

ஒரு பேரை நான் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பூசாரியாக வருகிறவர் டி. ஆர். நாணயக்கார. சிங்களத் திரையில் பெரிய நடிகர். அவருக்கு இங்கிலிஸ் பேச வராது. இயக்குநர் ஸ்பீல்பெர்க் கேமராவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, இவர் கேட்டு அப்படியே திருப்பிச் சொன்னார். படத்தைப் பாருங்கள், வசனத்துக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விடுவார். பார்க்கிறவர்களுக்கு அது கிழவரின் துக்கம். உண்மையில் அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எவ்வளவு பெரிய நடிப்பு அது!

படப்பிடிப்புக்காரர்கள் போய்ச் சில வாரத்தில் கறுப்பு ஜூலை வந்தது. அதற்குமேல் நான் எழுதவில்லை. விக்டோரியா அணை 1985இல் திறந்தார்கள், 122 மீட்டர் உயரம். அந்தத் தண்ணீர் பழைய தெல்தெனிய டவுனை மூடிவிட்டது. தொலைந்த நகரத்தைப் பற்றிப் படம் எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நகரம் தொலைந்தது.

பழைய ரீல்

பேர் பேசுகிறீர்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இந்தப் படங்களின் கைவேலையைப் பற்றி ஒருவரும் பேசாமல் விட்டால் எனக்கு ஆறாது.

'த லாஸ்ட் வேர்ல்ட்' 1925, ஊமைப்படம். கோனன் டொயிலின் 1912 நாவல். யாரும் ஏறமுடியாத பீடபூமியில் டைனோசர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்பது கதை. வில்லிஸ் ஓ'பிரையன் பொம்மைகளை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தார், பொம்மைகள் செய்தவர் மார்செல் டெல்காடோ. படம் வருவதற்கு மூன்று வருடம் முந்தியே, 1922இல், டொயில் அந்தச் சோதனைத் துண்டை நியூயார்க்கில் மந்திரவாதிகள் சங்கத்துக்குப் போட்டுக் காட்டினார். எப்படி எடுத்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்கட்டு வித்தையைத் தொழிலாகச் செய்கிறவர்களே திகைத்துப் போனார்கள்.

பிறகு 1933, 'கிங் கோங்'. அதே ஓ'பிரையன், அதே டெல்காடோ. கோங் பொம்மை ஏறக்குறைய ஒன்றரை அடி. மேலே முயல் தோல். ஒரு விநாடி திரையில் ஓட 24 தடவை கை வைக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் ரோமம் கலைந்துவிடும். படத்தை ஓடவிட்டால் கோங்கின் மயிர் காற்றடித்தது போலச் சிலிர்க்கும். அது காற்று இல்லை. நகர்த்தினவரின் விரல் பட்ட தடம். தொண்ணூறு வருடமாக அந்த விரல் திரையில் அசைந்துகொண்டே இருக்கிறது. இன்றைக்குக் கணினியில் வருகிற எந்தக் குரங்கைப் பார்த்தும் எனக்குத் தொண்டை அடைக்கவில்லை. இதைப் பார்த்தால் அடைக்கும்.

லிந்துலை டீச்சர்

பழைய ரீல் அண்ணே, விரலைப் பற்றி நீங்கள் எழுதியதை வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆனால் அதே கோங்கில் அந்தப் பெரிய மதிலை மறந்துவிடாதீர்கள். தீவில் ஜனங்கள் இருக்கிறார்கள், கோங்கைத் தடுக்கும் மதிலும் இருக்கிறது. அதைக் கட்டியது யார் என்று படம் என்ன சொல்கிறது? எப்போதோ இருந்த உயர்ந்த நாகரிகம் ஒன்று கட்டியது, இப்போது இருப்பவர்கள் அதை மறந்து சீரழிந்து போனவர்கள். அந்த மதிலைத் தினமும் பேணி, கதவைத் தாழ் போட்டு உயிர் வாழ்கிறவர்களுக்கு, கட்டின பெருமை கிடையாது.

இது சினிமாக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்த பொய் இல்லை. ஆபிரிக்காவில் பெரும் சிம்பாப்வே என்று ஒரு கல் நகரம் உண்டு. சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய மதில்கள். ஐரோப்பியர் அதைப் பார்த்துவிட்டு, இது ஷேபா ராணி கட்டியது, பினீசியர் கட்டியது என்று அடித்துப் பேசினார்கள். 1905இலேயே ராண்டல் மெக்ஐவர் தோண்டிப் பார்த்து, கட்டியவர்கள் ஆபிரிக்கர்தான் என்று எழுதினார். ஒப்புக்கொள்ள மனமில்லை. 1929இல் கெர்ட்ரூட் கேட்டன் தொம்சன் என்ற பெண் மறுபடி தோண்டி அதையே நிறுவினார். அதற்குப் பிறகும் அங்கே இருந்த வெள்ளையரின் ரொடீசிய ஆட்சி அந்த உண்மையை வெளியே விடாமல் அமுக்கியது. 1980இல் விடுதலை கிடைத்ததும் அந்த மக்கள் நாட்டுக்கே அந்தக் கல் நகரத்தின் பேரை வைத்தார்கள். தொலைந்த நகரப் படங்களுக்கெல்லாம் தாய்க்கதையான 'சொலமன் ராஜாவின் சுரங்கங்கள்' வெளிவந்தது 1885. இந்தச் சண்டை முழுவதும் அந்தக் கதையின் நிழலில்தான் நடந்தது.

1937இல் வந்த 'லாஸ்ட் ஹொரைசன்' பாருங்கள். இமயத்துக்குள் ஒளிந்த ஷங்ரிலா. பனிமலைக்கு நடுவில் நோயும் மூப்பும் எட்டாத பள்ளத்தாக்கு, பார்க்கவே ஆசையாக இருக்கும். அதை உருவாக்கி ஆள்கிற பெரியவர் யார்? ஐரோப்பாவிலிருந்து வந்த பாதிரியார். திபெத்துக்காரர்களுக்கு அங்கே பரிமாறுகிற வேலை.

பெரு நாட்டு மலை நகரம் மச்சு பிச்சுவும் அப்படித்தான். 1911இல் ஹைரம் பிங்கம் கண்டுபிடித்தார் என்று படிக்கிறோம். அவரை மலையேற்றிக் கூட்டிப்போனவர் மெல்சோர் அர்த்தியாகா என்ற உள்ளூர் விவசாயி. மேலே போனால் அங்கே குடும்பங்கள் இருந்தன. இன்காக்களின் அடுக்குப் பாத்திகளில் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். கடைசித் தூரம் வழி காட்டியது ஒரு சின்னப் பையன். ஜனம் குடியிருக்கிற இடத்தில் எதைக் கண்டுபிடிக்கிறது? நம்ம சீகிரியா மலைக்கோட்டையைக்கூட 1831இல் மேஜர் ஃபோர்ப்ஸ் கண்டுபிடித்தார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆயிரம் வருடத்துக்கு முந்தியே பார்க்க வந்தவர்கள் அங்கே கண்ணாடி போல மினுக்கிய சுவரில் கவிதை கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். தொல்லியலாளர் பரணவிதான வாசித்துப் பதிப்பித்தது மட்டும் 685.

கொட்டகலைப் பொடியன்

இவ்வளவு பேசிவிட்டு ஒருத்தரும் 'ஆயிரத்தில் ஒருவன்' சொல்லவில்லையே! செல்வராகவன், 2010 பொங்கல். 1279இல் சோழ இளவரசனை ஜனங்களோடு அனுப்பிவிடுகிறார்கள், கூடவே பாண்டியரின் குலதெய்வச் சிலையும் போகிறது. அவர்கள் போன இடத்தைத் தேடி இப்போது ஒரு கூட்டம் கிளம்புகிறது. வழியெல்லாம் பொறி. கடல், நரமாமிசம் தின்கிறவர்கள், பாம்பு, பசி, புதைமணல்.

மவுசாகலை அண்ணே, உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதில் இருக்கிறது. கார்த்தி யார்? சுமைகாரர்களின் தலைவன். கூலிக்குப் பெட்டி தூக்க வந்தவன். அதிகாரியும் ஆராய்ச்சிக்காரியும் முன்னால் போகிற படத்தில், கடைசி வரை நிற்பது பெட்டி தூக்கினவன்தான். அந்த முத்துவுக்குப் பேர் இருக்கு!

லிந்துலை டீச்சர்

தம்பி, முத்துவுக்குப் பேர் இருக்கிறது. அவனுக்குப் பின்னால் வந்து வழியில் செத்த மற்றச் சுமைகாரர்கள் எத்தனை பேருடைய பேர் உங்களுக்கு நினைவிருக்கிறது? சோழர்களைக் கறுப்பாக, பசியில் வெறிபிடித்தவர்களாகக் காட்டியதும் எனக்கு ஒப்பவில்லை. வெள்ளைக்காரன் ஆபிரிக்கனைக் காட்டிய அதே கண்ணால் நாங்களே எங்களைப் பார்க்கிறோமோ என்று பயந்தேன்.

கொட்டகலைப் பொடியன்

டீச்சர், பேர் விசயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், எனக்கு ஒரு பேரும் நினைவில்லை. ஆனால் பசியை அப்படிக் காட்டினதுதான் அந்தப் படத்தின் பலம். மற்றப் படங்களில் மறைந்த ஜனங்கள் தங்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இதில் சோறு இல்லை. ஒரு தாய் பிள்ளைக்குப் பாலில்லாமல் நிற்கிறாள். ஊருக்குத் திரும்பத் தூது வரும் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள். தூது என்று வந்தது படை. 2009 மே மாதம் யுத்தம் முடிந்து எட்டு மாதத்தில் அந்தக் கடைசிப் பகுதியைப் பார்த்தோம். எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. அண்ணன் எழும்பிப் போய் வெளியில் நின்றார்.

லிந்துலை டீச்சர்

அதைச் சொன்னால் எனக்கு மறுபேச்சு இல்லை. திரும்ப ஒரு தடவை பார்க்கிறேன்.

தென்திசை

தொலைந்த உலகம் என்றால் தமிழனுக்குக் குமரிக்கண்டம்தானே. அதை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை? கடல்கொண்ட நாட்டைப் பற்றிச் சிலப்பதிகாரமே சொல்கிறது. அதைப் படமாக எடுத்தால் உலகமே பார்க்கும்.

பழைய ரீல்

எடுக்கட்டும், முதல் ஆளாக டிக்கெட் வாங்குவேன். ஆனால் வரலாறு என்று எடுக்கக்கூடாது, கதை என்று எடுக்க வேண்டும். கடல் கொண்டது என்பது எங்கள் இலக்கியத்தின் பழைய துயரம், அது எங்களுடையது. லெமூரியா என்ற கண்டம் 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியல்காரர் போட்ட ஊகம். லெமூர் வகைப் பிராணி மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் எப்படி வந்தது என்று யோசித்துச் சொன்னார். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்தக் கண்டம் தேவைப்படவில்லை. இரண்டையும் ஒட்டவைத்தது பிற்காலத்தவர்கள். ஒட்டைப் பிரித்துவிட்டால் நல்ல படம் கிடைக்கும்.

பசறைக்காரி

எல்லாரும் அமேசான், ஆபிரிக்கா என்று போய்விட்டீர்கள். எங்கள் பதுளைக்கு ஒரு ஆள் வந்தார், கேளுங்கள்.

பெர்சி ஃபாசெட். 'த லாஸ்ட் சிட்டி ஆஃப் இசட்' (Z), 2016இல் வந்த படம், இவரைப் பற்றியது. அமேசான் காட்டுக்குள் ஒரு பெரிய நகரம் இருந்தது என்று நம்பி, 1925இல் மகன் ஜாக்கையும் மகனின் நண்பனையும் கூட்டிக்கொண்டு போனார். மூன்று பேரும் திரும்பவில்லை. தேடிப் போனவர்களும் திரும்பிவராத கதைகள் உண்டு. இந்த மனுசனுக்குப் புதையல் ஆசை பிடித்தது அமேசானில் இல்லை, இலங்கையில். 1886இல் பீரங்கிப் படை அதிகாரியாகத் திருகோணமலைக்கு வந்தார். பிறகு மணந்துகொண்ட நீனாவைச் சந்தித்ததும் இங்கேதான். கண்டி ராசாக்களின் புதையல் பதுளைப் பக்கம் பாறைக்கடியில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, விடுப்பு எடுத்து எங்கள் மலைக்குத் தேடி வந்தார். வெறுங்கையோடு போனார். படம் இந்தப் பகுதியைத் தொடவே இல்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றம். அவர் இங்கே தேடி நடந்த காலத்தில் எங்கள் முப்பாட்டன் முப்பாட்டிமார் காடு வெட்டித் தேயிலை வைத்துக்கொண்டிருந்தார்கள். பாதையில் அவரைக் கண்டிருக்கவும் கூடும்.

இனித்தான் முக்கியம். ஃபாசெட் காணாமற்போன சிங்கு ஆற்றுப் பகுதியில் குய்குரோ ஜனங்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அமெரிக்கத் தொல்லியலாளர் மைக்கேல் ஹெக்கன்பெர்கர் அவர்களோடு வருடக்கணக்காக இருந்து, அகழியும் அகன்ற பாதையும் கொண்ட பழைய பெரிய ஊர்களை அளந்தார். ஃபாசெட் தேடியது அவர் நடந்த தரைக்கடியிலேயே இருந்தது. கல் கோபுரத்தைத் தேடினவருக்கு மண் மேடு கண்ணில் படவில்லை. 2003இல் அந்த ஆய்வு 'சயன்ஸ்' இதழில் வந்தபோது, எழுதியவர்கள் வரிசையில் ஹெக்கன்பெர்கருக்கு அடுத்து இரண்டு குய்குரோக்காரர்களின் பேர் இருக்கிறது. அஃபுகாகா குய்குரோ, உரிசபா தபதா குய்குரோ. வழி காட்டினவர் என்று அடியில் நன்றி சொல்லி முடிக்கவில்லை. முழுப்பேர் போட்டிருக்கிறார்கள்.

மவுசாகலைப் பேரன்

பசறை அக்கா, அந்த இரண்டு பேரையும் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

பேர் போடுகிறது ஒன்று. அதோடு, அந்த ஜனங்கள் காலையில் எழும்பி என்ன செய்தார்கள் என்று ஒரு காட்சியாவது இருக்க வேண்டும். எங்கே தண்ணீர் எடுத்தார்கள், எதற்குச் சண்டை பிடித்தார்கள், பிள்ளை அழுதால் யார் தூக்கினார்கள். அது இருந்தால்தான் அந்த ஊர் அழியும்போது நெஞ்சு பதறும். இல்லையென்றால் இடிந்து விழுவது வெறும் செட்.

ஹந்தானை அண்ணன் தெல்தெனிய பற்றி எழுதியது மனதைவிட்டுப் போகவில்லை. என் பேருக்கு முன்னால் மவுசாகலை ஏன் என்று யாரும் கேட்கவில்லை, சொல்கிறேன். 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. வரிசையாகக் காம்பரா (அறை) கட்டிய ஆத்தோரத்து லயத்தில்தான் அப்பாயி வாழ்ந்தார். வறட்சி கடுமையான வருடங்களில் தண்ணீர் இறங்கும். அப்போது பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் சேற்றுக்கு வெளியே தலை காட்டும். சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் வேனை நிறுத்திப் படம் பிடிப்பார்கள்.

ஒரு வருடம் அப்பாயியைக் கூட்டிப் போனேன். சேறு காய்ந்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது. கோயில் பக்கம் எல்லாரும் நின்றார்கள். அப்பாயி அங்கே நிற்கவே இல்லை, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். ஒரு இடத்தில் குந்தி, கையால் சேற்றை வழித்தார். ஒரு வாசல்படிக் கல். நடுவில் மட்டும் தேய்ந்து குழிந்திருந்தது. அந்தக் குழியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இது நம்மளது இல்ல, அஞ்சாம் காம்பரா. பொன்னம்மா வீடு" என்றார். பொன்னம்மா குடும்பம், தோட்டத்து ஜனங்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போனது. தலைமன்னாரில் கப்பலேறினதோடு சரி, கடிதம் இல்லை. அப்பாயி அங்கிருந்து இந்தப் பக்கம் நாலு காம்பரா எண்ணி நடந்தார். அவருடைய வீடு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீர் பிடிக்கிற பீலி இந்தப் பக்கம், கொய்யா மரம் அந்தப் பக்கம் என்று கை நீட்டிக் காட்டினார். கொய்யா மரத்துக்காக அவரும் பொன்னம்மாவும் ஆறு மாதம் பேசாமல் இருந்தார்களாம்.

எத்தனையோ தொலைந்த நகரம் திரையில் பார்த்துவிட்டேன். புதர் விலகிக் கோபுரம் தெரிந்த எந்தக் காட்சியும் அந்தப் படிக்கல்லுக்குக் கிட்ட வரவில்லை.

பழைய ரீல்

தம்பி, அந்த ஆறு மாதச் சண்டையில் படத்தைத் தொடங்கலாம். என்னிடம் கேமரா இருக்கிறது.

பசறைக்காரி

முதலில் அப்பாயி சொல்வதையெல்லாம் போனில் பதிந்து வையுங்கள். எத்தனை காம்பரா, எதில் யார் இருந்தார்கள் என்று வரிசையாகக் கேளுங்கள். எங்கள் பாட்டியிடம் கேட்காமல் விட்டுவிட்டோம், அது இன்றைக்கும் எனக்குக் குறை.

மவுசாகலைப் பேரன்

நேற்றிரவு பதிந்தேன் அக்கா. பன்னிரண்டு காம்பராவில் பத்துக்குப் பேர் சொல்லிவிட்டார். ஒன்பதாவதும் பதினொன்றும் நினைவு வரவில்லை, காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது சொல்கிறேன் என்று படுத்துவிட்டார்.

இன்றைக்கு விடியக்காலையில் என்னைத் தட்டி எழுப்பி ஒன்பதாவதைச் சொன்னார்.

ஹந்தானை அண்ணன்

தண்ணீர் இறங்கியிருக்கிறதா தம்பி? ஞாயிற்றுக்கிழமை நான் கண்டியிலிருந்து ஹட்டன் வருகிறேன். பழைய ரீலும் வந்தால் மூன்று பேராகப் போகலாம்.

மவுசாகலைப் பேரன்

இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும் அண்ணே. கோயில் தெரிகிறது, படிக்கல் தெரியவில்லை. வாருங்கள், ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். அப்பாயியும் வருவார், ரொட்டி சுட்டுக் கொண்டு வருகிறாராம்.